டூல் வாங்கியாச்சு, வண்டி பேச மாட்டேங்குது

கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கன்ட்ரோல் பேனல் வயரிங் பார்ப்பதுதான் என் வேலை. கார் மெக்கானிக் இல்லை. ஆனால் என்னுடைய பழைய போலோவில் ரிமோட்டின் பூட்டு பட்டனை அழுத்திப் பிடித்தால் கண்ணாடி எல்லாம் தானாக ஏறும்படி ஒருநாள் டூலைச் செருகி மாற்றி வைத்தேன், அதை கம்பெனி பார்க்கிங்கில் யாரோ பார்த்துவிட்டார்கள், அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் பல்லடம், திருப்பூர், பொள்ளாச்சி என்று எங்கிருந்தாவது ஒரு வண்டி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. "ஏனுங்ணா, டூல் வாங்கிட்டனுங், ஒண்ணும் வேலை செய்ய மாட்டேங்குதுங்" என்பதுதான் எல்லோருக்கும் முதல் பேச்சு. டூல் என்பது ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி, எஞ்சின், கதவு, விளக்கு என்று ஒவ்வொன்றையும் நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டிகளோடு போனையோ லேப்டாப்பையோ பேச வைக்கும் சாமான். அந்தப் பெட்டிகளின் அமைப்பை மாற்றி எழுதுவதுதான் கோடிங்.

திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோளாறுதான். அதனால் நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதிவிடுகிறேன், காசு செலவில்லாததில் ஆரம்பித்து. கையில் ஒரு மல்டிமீட்டர், இரண்டு ஸ்பேர் ஃப்யூஸ், ஒரு நோட்டு இருந்தால் போதும். இன்னும் டூலே வாங்கவில்லை என்றால் நடுவில் இருப்பதை எல்லாம் விட்டுவிட்டு நேராக "எஞ்சின் மட்டும் தெரிகிறது" என்ற தலைப்புக்குப் போங்கள். முக்கால்வாசிப் பேர் காசை விடுவது அங்கேதான்.

டூலைச் செருகினால் லைட்டே எரியவில்லை

முதலில் இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். சிரிக்காதீர்கள், ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்க்காமல் கையை மட்டும் விட்டுச் செருகுகிறவர்களுக்குப் பாதிதான் உள்ளே போகும்.

அழுத்தியும் எரியவில்லை என்றால் அதே டூலைப் பக்கத்து வீட்டு வண்டியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் எரியவில்லை என்றால் டூல் செத்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள். அங்கே எரிந்தால் கோளாறு உங்கள் வண்டியில். அந்த 16 முள் சாக்கெட்டில் 16ஆம் முள்ளில் பேட்டரி பிளஸ், 4லும் 5லும் எர்த். சாவி போடாமலே அங்கே 12 வோல்ட் இருக்க வேண்டும்.

அடுத்தது ஃப்யூஸ். பல வண்டிகளில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃப்யூஸ்தான். மொபைல் சார்ஜரும் வேலை செய்யவில்லையா? அப்போது ஃப்யூஸ் போயிருக்கும், அதற்குக் காரணமாக லைட்டர் ஓட்டைக்குள் ஒரு ரூபாய்க் காசு விழுந்து கிடந்தாலும் கிடக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட வேண்டும், பெரிது போடக் கூடாது.

ஃப்யூஸ் நன்றாக இருந்தும் வோல்ட் இல்லை என்றால் வயர். ஒரு ஸ்கோடா ரேபிட் வந்தது, யாரோ ஜிபிஎஸ் மாட்டுகிறேன் என்று 16ஆம் முள் வயரை நடுவில் சுரண்டி, அதில் இன்னொரு வயரை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். சித்திரை வெயிலில் டேப்பின் பசை உருகி வயர் மேல் வழிந்து, முறுக்கு கழன்று, செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. இந்த இடம் வந்துவிட்டால் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நாம் நோண்ட வேண்டாம்.

இன்னொன்று, மல்டிமீட்டரின் தடித்த முனையைச் சாக்கெட்டின் முன்பக்கம் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் கிளிப் விரிந்துவிடும், அப்புறம் எந்த டூல் போட்டாலும் ஆடும். நான் ஒரு தடவை செய்திருக்கிறேன். சாக்கெட்டின் பின்பக்கமாக, வயர் நுழையும் இடத்தில் மெல்லிய குண்டூசியை விட்டு அதில் அளந்து பாருங்கள்.

லைட் எரிகிறது, போன் டூலைக் கண்டுபிடிக்கவில்லை

ஐபோனா? பழைய வகை புளூடூத் டூல் ஐபோனுடன் சேராது, எத்தனை தடவை தேடினாலும் வராது. பிஎல்இ வகை (குறைந்த கரண்டில் ஓடும் புது வகை புளூடூத்) அல்லது வைஃபை வகை வேண்டும். வேறு வழி இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும், அல்லது வீட்டில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை எடுங்கள்.

ஆண்ட்ராய்டா? பழைய வகை டூல் என்றால் போன் செட்டிங்கில் போய் ஜோடி சேர்க்க வேண்டும், 1234 அல்லது 0000 கேட்கும். பிஎல்இ வகை என்றால் செட்டிங்கில் சேர்க்காதீர்கள், ஆப்புக்கு உள்ளே இருந்தே சேர்க்க வேண்டும். பல போன்களில் லொகேஷன் ஆன் செய்து ஆப்புக்கு அனுமதியும் கொடுத்தால்தான் பிஎல்இ டூல் கண்ணில் படும். புளூடூத்துக்கும் லொகேஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், போடுங்கள்.

வைஃபை டூலா? போன் அதில் சேரும், உடனே "இதில் இன்டர்நெட் இல்லை" என்று தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்துவிட்டு முயலுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், வேறு யாருடைய போனாவது ஏற்கெனவே அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். பின்சீட்டில் பையன் அதே ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் அரை மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

போன் டூலைப் பிடித்தது, டூல் வண்டியைப் பிடிக்கவில்லை

சாவி இரண்டாம் நிலையில் இருக்க வேண்டும், மீட்டர் விளக்கெல்லாம் எரிய வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் பலவற்றில் பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதிக்காமல் இரண்டு தடவை பட்டனை அழுத்துங்கள். ஒரு தடவை அழுத்தினால் பாட்டுதான் பாடும்.

வண்டி 2013 ஏப்ரலுக்கு முந்தையதா? அதற்கு முன் வந்த இந்திய வண்டிகளில் சாக்கெட் இருந்தாலும் எல்லாம் ஒரே மாதிரி பேசாது. அந்த வண்டிக்கு அதன் கம்பெனி சார்ந்த டூல்தான், பொது டூலை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

வெளியே மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ இருந்தால் அதன் கூட வரும் சின்ன கேன் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். வண்டியின் பெட்டிகள் பேசிக்கொள்ளும் ஜோடி வயரில் அதுவும் உட்கார்ந்துகொண்டு குறுக்கே பேசும்.

அதற்கும் அடுத்த சந்தேகம் டூல் மேல். நானூறு ரூபாய் நீல டூல், மேலே ஈஎல்எம் 327 வெர்ஷன் 1.5 என்று ஸ்டிக்கர். அந்தச் சிப்பைச் செய்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா கம்பெனி 1.5 என்று ஒரு வெர்ஷன் வெளியிட்டதே இல்லை, அந்தக் கம்பெனியும் 2022இல் மூடிவிட்டது. அதாவது ஸ்டிக்கரே பொய். எஞ்சின் சூடு, ஆர்பிஎம் பார்க்க இது போதும், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கோடிங் என்பது நீளமான வரியை ஒரே மூச்சில் அனுப்புகிற வேலை, இந்த நகல் டூல்கள் பாதியில் விழுங்கிவிடும். படிக்கும்போது விழுங்கினால் தொல்லை இல்லை, எழுதும்போது விழுங்கினால் வண்டி லாரியில் ஏறிப் போக வேண்டி வரலாம். இதை வைத்து எழுதவே எழுதாதீர்கள்.

எஞ்சின் மட்டும் தெரிகிறது, மற்ற பெட்டிகள் தெரியவில்லை

டூல் தேர்வு என்று பேசினால் உண்மையில் இங்கேதான் பேச வேண்டும். சட்டப்படி எல்லா வண்டியும் வெளியே காட்ட வேண்டியது எஞ்சின் புகை சம்பந்தப்பட்ட தகவலை மட்டும்தான். கதவு, விளக்கு, மீட்டர், ஏசி, ஆடியோ இவற்றுக்கான பெட்டிகள் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி பாஷை. ஆகவே "எல்லா வண்டிக்கும் ஒரே டூல்" என்று யாராவது விற்றால் அது எஞ்சினைப் படிக்கிற டூல், அவ்வளவுதான். வண்டியின் பேரைச் சொல்லுங்கள், டூலின் பேரை நான் சொல்கிறேன்.

*வோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி வைத்திருந்தால்:* இரண்டு வழி. ராஸ்-டெக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் விசிடிஎஸ் மென்பொருள், இதற்கு விண்டோஸ் லேப்டாப்பும் அவர்கள் கேபிளும் வேண்டும். விலை ஜாஸ்தி, ஆனால் எந்தப் பெட்டியில் எந்த பிட் என்ன செய்யும் என்று பக்கத்திலேயே எழுதிக் காட்டும். மூன்று வண்டிக்கு, பத்து வண்டிக்கு, கணக்கில்லாமல் என்று கேபிளே மூன்று விதமாக வருகிறது, வீட்டு உபயோகத்துக்கு மூன்று வண்டிக் கேபிளே தாராளம். இன்னொன்று லிதுவேனியாவில் இருந்து வரும் ஓபிடிலெவன், போனிலேயே முடிந்துவிடும், ஒரே தொடுதலில் மாற்றுவதற்கு கிரெடிட் கேட்கும், ஆழமாகப் போக சந்தா கேட்கும். பழைய தலைமுறை டூல் ஆண்ட்ராய்டில் மட்டும்தான் ஓடும், செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு மாற்றம் செய்யப் போகிறவருக்கு ஓபிடிலெவன், என்னை மாதிரி நோண்டிக்கொண்டே இருப்பவருக்கு விசிடிஎஸ். உக்கடம் பக்கம் பழைய சாமான் தேடுகிற பழக்கத்தில் விசிடிஎஸ் நகல் கேபிளை வாங்கிவிடாதீர்கள், கூட வரும் திருட்டு மென்பொருள் பழசு, ஒரிஜினல் மென்பொருளை ஏற்றப் போனால் கேபிளே முடங்கிவிடும்.

*ஃபோர்டு வைத்திருந்தால்:* 2021இல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள், ஆனால் ஈகோஸ்போர்ட் இன்னமும் நம் பக்கம் தோட்டத்துச் சாளை வாசலில் எல்லாம் நிற்கிறது. ஃபோர்ஸ்கேன் மாதிரி ஒரு மென்பொருள் கிடைத்தது ஃபோர்டுக்காரர்களின் அதிர்ஷ்டம். லேப்டாப்பில் போட்டு, எழுதுவதற்கான கூடுதல் உரிமத்தைத் தனியாக வாங்க வேண்டும், சோதனை உரிமம் இலவசமாகவே தருகிறார்கள். இதில் எஞ்சின் மட்டும் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபோர்டில் இரண்டு தகவல் பாதை, இரண்டாவது மெதுவான பாதை 3, 11 ஆம் முள்ளில் வருகிறது, சாதா டூல் அதைத் தொடாது. பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் வைத்த டூல் கிடைக்கும், சுவிட்சைத் தள்ளினால் அடுத்த பாதை. சுவிட்சைத் தள்ளுகிற வேலையே வேண்டாம் என்றால் ஃபோர்ஸ்கேனுக்கென்றே வந்த ஓபிடிலிங்க் ஈஎக்ஸ் கேபிள். பல்லடத்து நண்பர் ஒருவர் சுவிட்ச் இருக்கும் டூலை வாங்கி எட்டு மாதம் சுவிட்சைத் தொடாமலே வைத்திருந்தார், ஏதோ லாக் என்று நினைத்தாராம்.

*பிஎம்டபிள்யூ, மினி:* பிம்மர்கோட் ஆப், அவர்கள் பட்டியலில் இருக்கும் டூல். பட்டியலுக்கு வெளியே வாங்காதீர்கள்.

*டொயோட்டா:* கரிஸ்டா ஆப்பில் சிலது திறக்கும். பணம் கட்டும் முன் ஆப்பில் உங்கள் மாடலையும் வருடத்தையும் போட்டு என்னென்ன வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*மாருதி, ஹூண்டாய், டாட்டா, மஹிந்திரா:* போனில் ஒட்டுகிற டூலை வாங்கி மறைந்திருப்பதைத் திறக்கலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள், பெரிதாக ஒன்றும் வராது. அதற்கு முன் வண்டியின் மீட்டர் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். ஹூண்டாயில் இண்டிகேட்டர் ஒரு தட்டுக்கு எத்தனை முறை மின்ன வேண்டும், எப்போது கதவு தானாகப் பூட்ட வேண்டும் என்பதெல்லாம் பல மாடல்களில் அந்த மெனுவிலேயே இருக்கிறது. திருப்பூரில் இருந்து ஒரு தம்பி அதற்காகவே டூல் வாங்கிக்கொண்டு வந்தான், ஸ்டீயரிங் பட்டனிலேயே முடித்து அனுப்பினேன். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான், அது வேறு விஷயம்.

படிக்கிறது, எழுத விடவில்லை

பேட்டரியைப் பாருங்கள், அதுதான் முதலில். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழுசு, 12.2 என்றால் பாதி. எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டுவிட்டு, கண்ணாடி ஏறுகிறதா என்று அரை மணி நேரம் சோதித்துக்கொண்டிருந்தால் வோல்ட் இறங்கத்தான் செய்யும். ஏசி, ஹெட்லைட், ஸ்டீரியோ அணைத்துவிட்டு, முடிந்தால் பேட்டரி சார்ஜரை மாட்டிக்கொண்டு எழுதுங்கள். எழுதும்போது எஞ்சினை ஓட விடாதீர்கள்.

பேட்டரி சரி என்றால் உரிமம். ஓபிடிலெவனில் கிரெடிட் தீர்ந்ததா, ஃபோர்ஸ்கேனில் உரிமம் காலாவதி ஆனதா? ஆப் சில நேரம் இதை நேராகச் சொல்லாமல் சும்மா பிழை என்று மட்டும் காட்டும்.

அதுவும் சரி என்றால் பெட்டியின் பூட்டு. சில ஸ்கோடா, வோக்ஸ்வாகன் மாடல்களில் எழுதுவதற்கு முன் ஐந்து இலக்க எண் கேட்கும், விசிடிஎஸ்ஸிலேயே பெட்டியின் மேல் கர்சரை வைத்தால் அந்த எண்ணைக் காட்டும். இன்னும் புதிய சில மாடல்களில் பானெட்டைத் திறந்து வைத்தால்தான் எழுத விடும், திருட்டுக்குப் பயந்து வைத்த பூட்டு. 2020 வாக்கில் இருந்து வந்த சில மாடல்களில் எஸ்எஃப்டி என்று ஒன்று, கம்பெனி சர்வரில் இருந்து அனுமதி வந்தால்தான் பெட்டி திறக்கும். ஓபிடிலெவன் பல பெட்டிகளுக்கு அதையும் வாங்கித் தருகிறது, இன்டர்நெட் வேண்டும். அதற்கும் திறக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு, கம்பெனியின் சொந்த டூல் வைத்திருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

எழுதியது, ஆனால் வண்டியில் ஒன்றும் மாறவில்லை

வண்டியைப் பூட்டிவிட்டு இருபது நிமிஷம் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். சாவியை அணைத்தவுடன் பெட்டிகள் எல்லாம் தூங்குவதில்லை, தூங்கி எழுந்தால்தான் சிலதுக்குப் புது அமைப்பு தெரியும். பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் அந்தச் சாமான் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பின் கண்ணாடியைக் கையால் சுற்றுகிற வண்டியில் ரிமோட்டில் கண்ணாடி ஏற்றும் அமைப்பை எத்தனை தடவை எழுதினாலும் மோட்டார் முளைக்காது. மழை சென்சார், மடங்கும் சைடு மிரர், எல்லாம் இதே கதை. "மென்பொருளில் இருக்குதுங்ணா, கம்பெனிக்காரன் மறைச்சு வெச்சிருக்கான்" என்று சொல்லுவார்கள். மென்பொருள் எல்லா மாடலுக்கும் ஒன்றுதான், ஆனால் வயரும் மோட்டாரும் விலை ஏற ஏறத்தான் வரும்.

சாமானும் இருக்கிறது என்றால், எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பழைய எண்ணே இருந்தால் பெட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. புதிய எண் இருந்தால் தப்பான இடத்தில் மாற்றியிருக்கிறீர்கள், அது அடுத்த தலைப்பு.

எழுதிய பிறகு மீட்டரில் புதிதாக விளக்கு எரிகிறது, அல்லது வேறு ஏதோ நின்றுவிட்டது

இதில் எனக்கு அனுபவம் அதிகம். எல்இடி பல்பு போட்டேன், பல்பு போய்விட்டது என்று மீட்டர் கத்தியது, அதை நிறுத்த பாடி கன்ட்ரோல் பெட்டியின் கோடிங்கில் ஒரு பிட்டை மாற்றினேன், ஒரு பைட் தள்ளி. விளக்கு எச்சரிக்கை அப்படியே இருந்தது, பின் வைப்பர் நின்றுவிட்டது. சரி, பழையதைப் போடலாம் என்று நோட்டை எடுத்தால், பேனாவில் எழுதிய அந்த நீண்ட வரியில் நடுவில் இருப்பது எட்டா, ஆங்கில பி-யா என்று எனக்கே தெரியவில்லை. என் எழுத்து அப்படி. இரண்டையும் போட்டுப் பார்த்து, இரண்டாவதில் வைப்பர் ஆடியது. அன்றிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுக்காரம்மாவின் போனுக்கும் ஒன்று அனுப்பிவிடுகிறேன். அவர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, ஆனால் அழிப்பதும் இல்லை.

ஆகவே: முதலில் பிழைக் குறியீடுகளைப் படியுங்கள், அழிக்காதீர்கள், படம் எடுங்கள். வோல்ட் குறைவு என்று மட்டும் வரிசையாக வந்தால் பேட்டரியை ஏற்றிவிட்டு, அழித்து, வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வேறு ஏதாவது இருந்தால் பழைய கோடிங்கை அப்படியே திரும்ப எழுதுங்கள், "கொஞ்சம் மட்டும் திருத்துகிறேன்" என்று ஆரம்பித்தால் எங்கே இருந்தோம் என்றே தெரியாமல் போய்விடும். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், சோதனை, அப்புறம் அடுத்தது.

பழைய கோடிங் கையில் இல்லையா? விசிடிஎஸ் பயன்படுத்தினால் அது தானாகச் சேர்த்து வைக்கும் பதிவில் தேடுங்கள், ஓபிடிலெவனில் வரலாறு இருக்கும். ஃபோர்டு என்றால் தொழிற்சாலையில் இருந்து வரும்போது இருந்த அமைப்பு, ஆஸ்-பில்ட் என்பார்கள், சேசிஸ் எண்ணை வைத்து எடுக்கலாம். எதுவும் கிடைக்கவில்லை என்றால் அதே மாடல், அதே வருடம், அதே வேரியண்ட் வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள், ஆனால் பெட்டியின் பாகம் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

ஏர்பேக், ஏபிஎஸ், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), எஞ்சின், கியர்பாக்ஸ் இவற்றில் விளக்கு எரிந்தால் டூலைக் கழற்றிப் பையில் போடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலும் அப்படியே. கம்பெனி டூல் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், எந்தப் பெட்டியில் என்ன மாற்றினோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு "தானா வந்துச்சுங்" என்றால் அவர்கள் வயரில் இருந்து தேட ஆரம்பிப்பார்கள், மணிக்கணக்குக்குக் கூலி உங்கள் தலையில். பெட்டியே மாற்ற வேண்டும் என்று சொன்னால் உடனே தலையாட்டாமல், முதலில் பழைய கோடிங்கை எழுதிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

சீட்பெல்ட் சத்தத்தை நிறுத்தச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் செய்வதில்லை. 2019 ஜூலையில் இருந்து புது வண்டிகளில் அது கட்டாயம், அதை விட்டாலும் அவிநாசி ரோட்டில் மேம்பாலத்தின் மேல் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வராது. கிலோமீட்டரைக் குறைக்கக் கேட்பவர்களுக்கு டீ கூடக் கிடையாது.

காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது

டூலைச் செருகியபடியே விட்டுவிட்டீர்கள். 16ஆம் முள்ளில் எப்போதும் கரண்ட் உண்டு, டூலும் தூங்காது, சில வண்டியில் பெட்டிகளையும் தூங்க விடாது. நோம்பிக்கு ஊருக்குப் போய் நாலு நாள் வண்டி எடுக்காமல் இருந்தால் போதும். கழற்றி வையுங்கள்.

கழற்றியும் இறங்குகிறது என்றால், பேட்டரியின் வயது என்ன என்று பாருங்கள், நாலு வருடத்துக்கு மேல் என்றால் டூலைத் திட்டாதீர்கள். பேட்டரி புதுசு என்றால் நெகட்டிவ் வயரில் ஆம்மீட்டரைத் தொடராக மாட்டி, கதவெல்லாம் மூடி, பூட்டி, அரை மணி நேரம் கழித்துப் படியுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கும்போது இறங்குகிறதோ அந்தப் பாதை. பெரும்பாலும் வெளியே மாட்டிய ஸ்டீரியோவிலோ ஜிபிஎஸ்ஸிலோ போய் நிற்கும். எந்த ஃப்யூஸைப் பிடுங்கியும் இறங்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் பக்கம், அதை ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.